பைசெப்ஸ் தசைநாண் அறுந்தால்: முதல் இரண்டு வாரமும் அடுத்த ஆறு மாதமும்

வெள்ளானூரில் பளு தூக்குகிறவர்கள் பல வகை. வேல்டெக் மாணவர்கள் வகுப்பு முடிந்து ஜிம்முக்கு வருகிறார்கள். காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகிற பையன்கள் கயிறு ஏறுகிறார்கள், பீம் அடிக்கிறார்கள். ஆவடியிலும் வீராபுரத்திலும் இருக்கிற சிறப்புக் காவல் படைக்காரர்கள், சி.ஆர்.பி.எஃப். ஆட்கள், கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து இரவு ஒன்பதுக்கு மேல் கம்பியைத் தொடுகிறவர்கள் என்று இன்னொரு கூட்டம். ஜிம் வாசலையே மிதிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீர் கேனும் கேஸ் சிலிண்டரும் இறக்குகிறவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த அத்தியாயம் இவர்கள் எல்லோருக்கும் உரியது. முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் மட்டும் கூடுதல் கவனத்தோடு படிக்கட்டும். முழங்கைக்கு முன்னால் பைசெப்ஸ் தசைநாண் அறுவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான், அதுவும் அதிகம் புழங்குகிற கையில்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காயத்தில் இரண்டு இடங்களில் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். முதல் இரண்டு வாரத்தில் ‘சுளுக்குதான்’ என்று காத்திருந்து நேரத்தைத் தொலைக்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் வலி இல்லை என்பதால் குணமாகிவிட்டதாக நினைத்துப் பழைய எடையைத் தூக்குகிறார்கள். அவசரப்பட வேண்டிய இடத்தில் நிதானம், நிதானிக்க வேண்டிய இடத்தில் அவசரம். இந்த இரண்டையும் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

எது அறுகிறது

பைசெப்ஸ் மேலே இரண்டு தலைகளாகத் தோள்பட்டை எலும்பில் பற்றியிருக்கிறது. கீழே ஒரே தசைநாணாகத் திரண்டு, முழங்கையைத் தாண்டி, முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பில் போய் ஒட்டுகிறது. ஜிம்மில் எல்லோரும் ஜவ்வு என்பது இதைத்தான்.

பைசெப்ஸின் வேலை கையை மடக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மடக்குவதில் அதற்குக் கீழே படுத்திருக்கும் பிரேக்கியாலிஸ் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. பைசெப்ஸின் தனிச்சிறப்பு உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புவது. ஸ்க்ரூ முடுக்குவது, பூட்டில் சாவி திருகுவது, ஈரத் துணியைப் பிழிவது எல்லாம் அந்த வேலை. தசைநாண் முழுதாக அறுந்தவருக்கும் கை மடங்கும் என்பதற்குக் காரணம் இதுதான். ‘கை மடங்குதே, அப்புறம் எப்படி அறுந்திருக்கும்’ என்ற கேள்வி பலருடைய முதல் வாரத்தைத் தின்றுவிடுகிறது.

மேல் முனையில் நீளமான தலை அறுந்தால், தசை கீழே இறங்கி, கையின் நடுவில் கோலிக்குண்டு போல உருண்டு நிற்கும். இப்படி மேல் முனை அறுவதுதான் அதிகம் காணப்படுவது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இது வந்தால் தோள்மூட்டைச் சுற்றியுள்ள மற்ற தசைநாண்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவையும் நைந்திருக்க வாய்ப்பு உண்டு. குறுந்தலை தன் இடத்தில் பிடித்துக்கொண்டிருப்பதால் வலிமை இழப்பு குறைவு. பலர் அறுவை சிகிச்சை இல்லாமல், பிசியோதெரபியோடு சில மாதங்களில் பளுவுக்குத் திரும்புகிறார்கள். கையின் வடிவம் மட்டும் மாறியே இருக்கும். கீழ் முனை அறுவது அரிது. அறுந்தால் விஷயம் பெரிது, ஏனென்றால் அங்கே பிடித்துக்கொள்ள இன்னொரு தலை கிடையாது. இனி நான் சொல்வது கீழ் முனையைப் பற்றி.

அது எப்படி அறுகிறது? மடங்கிய கையை ஒரு பெரும் எடை சட்டென்று நீட்டும்போது. டெட்லிஃப்டில் ஒரு உள்ளங்கை முன்னே, மற்றது பின்னே என்று பிடிக்கிறார்களே, அந்தக் கலப்புப் பிடியில் முன்னே பார்க்கிற கை. லாரி டயரைப் புரட்டுகிற பயிற்சி. கீழே நழுவும் சிலிண்டரை ஏந்திப் பிடிக்க நீளும் கை; எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, உருளையும் சேர்ந்தால் முப்பது கிலோவை நெருங்கும். ஆங்கிலேய உடற்கட்டு வீரர் டோரியன் யேட்ஸ், உள்ளங்கை மேலே பார்க்கும் பிடியில் கம்பியை வயிற்றுக்கு இழுக்கிற ரோ பயிற்சியின்போது 1994இல் இடது பைசெப்ஸைக் கிழித்துக்கொண்டார். அந்த ஆண்டும் மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தை வென்றார் என்பதையே எல்லோரும் சொல்கிறார்கள். 1997இல் அவருடைய ட்ரைசெப்ஸ் கிழிந்ததோடு போட்டி வாழ்க்கை முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புகைபிடிப்பது தசைநாணைப் பலவீனமாக்குகிறது. இந்தக் காயம் புகைபிடிப்பவர்களிடம் பல மடங்கு அதிகம். ஜிம்மில் ரகசியமாகக் கைமாறும் ஸ்டீராய்டு ஊசி தசையை வேகமாக வளர்க்கும், தசைநாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் தசைநாண் கிழிவோடு தொடர்பு இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே கடுமையான எச்சரிக்கை விடுத்தது. காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ டாக்டர் இவற்றை எழுதினால், ‘நான் வெயிட் தூக்குகிறவன்’ என்று சொல்லிவிடுங்கள். சாப்பிடும் நாட்களிலும் அதற்குப் பிறகு சில வாரங்களும் கனமான எடை வேண்டாம்.

முதல் நாள்

‘டப்’ என்ற சத்தம், முழங்கை மடிப்பில் சுரீரென்ற வலி, சற்று நேரத்தில் வலி தணிந்துவிடுவது, ஓரிரு நாளில் முன்கையின் உட்புறம் நீலம் பாரிப்பது, பைசெப்ஸ் மேலே சுருண்டு போனது போலத் தெரிவது. இவை சேர்ந்து வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு செட் போட்டுப் பார்க்க வேண்டாம்.

2022 ஜூலையில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் சாங்லியைச் சேர்ந்த சங்கேத் சர்கர் 55 கிலோ பிரிவில் தங்கத்துக்கு மிக அருகில் நின்றார். கிளீன் அண்ட் ஜெர்க்கின் இரண்டாவது முயற்சியில் அவருடைய வலது முழங்கை காயப்பட்டது. வலியோடு மூன்றாவது முறையும் வந்து முயன்றார், முடியவில்லை. மொத்தம் 248 கிலோ. மலேசிய வீரர் 249 கிலோவில் தங்கம் வாங்கினார். சங்கேத்துக்கு அடிபட்டது முழங்கையின் தசைநார், பைசெப்ஸ் அல்ல. பிறகு அறுவை சிகிச்சை வரை போனது. ஒரே ஒரு கிலோ, நாட்டின் கொடி, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மேடை: அவர் மூன்றாவது முறை கம்பிக்கு வந்ததை நான் தலைவணங்கிப் பார்க்கிறேன். உங்கள் ஜிம்மின் செவ்வாய்க்கிழமை மாலைக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அடிபட்ட கையை முழங்கையில் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி முறுக்காகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கையின் ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே கொக்கி போல நுழையுங்கள். தசைநாண் நன்றாக இருந்தால் விரல் ஒரு தடித்த கயிற்றில் மாட்டிக்கொள்ளும். கயிற்றுக்கு அடியில் விரல்நுனி ஒரு சென்டிமீட்டர் வரை போகும். அறுந்திருந்தால் மாட்ட எதுவும் இருக்காது. நல்ல கையில் முதலில் செய்து பழகிக்கொண்டால் வித்தியாசம் தெளிவாகப் புரியும். உட்பக்கத்திலிருந்து விரலை நுழைக்காதீர்கள். அங்கே இன்னொரு சவ்வுப் பட்டை இருக்கிறது, தசைநாண் அறுந்த பிறகும் அது விரலுக்குத் தட்டுப்பட்டு ஏமாற்றும். சோதனையில் கயிறு தட்டுப்பட்டாலும் பாதிக் கிழிவு இருக்கலாம், ஆகவே டாக்டரைப் பார்க்காமல் விட இது காரணம் ஆகாது.

இந்த இடத்தில்தான் ஜிம் மாஸ்டரும் பக்கத்து வீட்டு அண்ணனும் வருவார்கள். “ஒண்ணும் இல்ல தம்பி, நரம்பு பிசகியிருக்கு. எண்ணெய் போட்டு உருவிட்டா சரியாப் போயிடும்.” “புத்தூர் கட்டு போட்டுட்டு வந்துடு, மூணே கட்டு.” அக்கறையில் சொல்கிறார்கள். புத்தூர் நமக்குத் தூரமும் இல்லை. ஆவடி வழியாக அரக்கோணம், திருத்தணி என்று போகிற அதே ரயில் பாதையில் ஆந்திர எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். அந்தப் பெயர்ப்பலகையோடு புறநகரிலேயே கட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எலும்பு முறிவுக்கு அங்கே போய் நலமாக வந்தவர்கள் பல குடும்பங்களில் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முழுதாக அறுந்த தசைநாண் எலும்பை விட்டுப் பிரிந்து சில சென்டிமீட்டர் மேலே ஏறிப் போயிருக்கிறது. வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அதன் நுனி எலும்புக்கு வந்து சேராது. பச்சைக் காயத்தில் உருவிவிடுவது இரத்தக் கசிவைக் கூட்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வாரம் என்று மூன்று கட்டு முடிவதற்குள், எளிதாகத் தைக்கக்கூடிய காலம் முடிந்துவிடும். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்தத் தாமதம்தான், ஏனென்றால் இதைத் தவிர்க்கக் காசு கூடத் தேவையில்லை.

பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள், கையைத் தூக்குக் கட்டில் போடுங்கள், மறுநாளே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆவடி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். பெரிய சிகிச்சைக்குக் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை மூன்றிலும் எலும்பியல் துறை உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து நிறுவனம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறது என்றால் அந்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு, இந்த அறுவை சிகிச்சை அந்த மருத்துவமனையில் அதன் கீழ் வருமா என்று காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேட்கட்டும். சி.ஆர்.பி.எஃப். ஆட்களுக்கு ஆவடியிலேயே படையின் மருத்துவமனை இருக்கிறது. செலவு செய்ய முடிந்தவருக்குப் போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனி மையம் உண்டு.

எங்கே போனாலும் கேட்க வேண்டிய வாக்கியம் ஒன்று: “பைசெப்ஸ் கீழ் முனை அறுந்திருக்குமோ என்று சந்தேகம், பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்.” எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநாண் தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும்.

தைப்பதா, விடுவதா

தைக்காமல் விட்டால் கை செயலிழந்து போகாது. திருப்பும் வலிமையில் ஏறத்தாழ நாற்பது சதவீதமும் மடக்கும் வலிமையில் முப்பது சதவீதமும் குறையும் என்பது எலும்பியலில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. எழுபது வயதுக்காரருக்கு, பெரிய இதய நோய் உள்ளவருக்கு, கையால் கனமான வேலை இல்லாதவருக்கு இது ஏற்கத்தக்க இழப்பு. பளுவுக்குத் திரும்ப விரும்புகிறவருக்கும் சிலிண்டர் தூக்கிப் பிழைக்கிறவருக்கும் தைப்பதே நல்லது என்பது என் தெளிவான கருத்து. பாதிக் கிழிவு என்றால் சில மாதம் பிசியோதெரபி பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

தைப்பதானால் இரண்டு, அதிகம் போனால் மூன்று வாரத்துக்குள். அதற்குப் பிறகு தசை சுருங்கி, தழும்பு படிந்து, நுனியை எலும்புவரை இழுப்பதே சிரமமாகும். மாதங்கள் தாண்டினால் தொடையிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ தசைநாண் எடுத்து ஒட்டுப்போட வேண்டி வரலாம்.

அறுவை சிகிச்சையில் எலும்பில் துளையிட்டு, தசைநாணின் நுனியைச் சிறு உலோகப் பொத்தானாலோ நங்கூரத்தாலோ திருகாணியாலோ பிணைக்கிறார்கள். பிறகு முன்கையின் வெளிப்பக்கத்தில் மரத்துப்போன உணர்வு பலருக்கு வரும். பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் அதுவாகவே சரியாகிவிடும். விரல்களையும் கட்டைவிரலையும் நிமிர்த்த முடியவில்லை என்றால் மட்டும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், அது வேறு நரம்பு.

முதல் ஆறு வாரம்

புதிதாகக் கான்கிரீட் போட்ட கூரைக்கு மேலே ஈரச் சாக்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கிறோம். மேல்பரப்பு ஒரே நாளில் இறுகிவிட்டது தெரிந்தும் அடியில் முட்டுக் கொடுத்த பலகையை யாரும் மறுநாள் பிரிப்பதில்லை. எலும்போடு தசைநாண் ஒட்டுவதும் அப்படித்தான். தையல் வெட்டும்போது தோல் ஆறியிருக்கும். உள்ளே ஒட்டு இறுகுவதற்கு மாதங்கள் பிடிக்கும், அதுவரை தாங்குவது பொத்தானும் நூலும்தான்.

முதல் ஓரிரு வாரம் கை மடங்கிய நிலையில் கட்டில் இருக்கும். விரல்கள், மணிக்கட்டு, தோள் மூன்றையும் டாக்டர் சொன்னபடி அசைத்துக்கொண்டே இருங்கள். பிறகு கீல் வைத்த பிரேஸ். மற்றக் கையால் தாங்கி மடக்குவது, திருப்புவது, வாரந்தோறும் கொஞ்சம் கூடுதலாக நீட்டுவது. ஆறாவது வாரம் வாக்கில் முழு அசைவும் திரும்பிவிடுவது வழக்கம். சில மருத்துவர்கள் இதைவிட வேகமாகவும் சிலர் மெதுவாகவும் போவார்கள். உங்கள் கையில் எந்த அளவு இழுவிசையோடு தைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும், ஆகவே இந்தப் புத்தகமும் அவரும் வேறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

தைத்தது மறுபடி அறுவது அரிது. நடந்தால் பெரும்பாலும் இந்தத் தொடக்க வாரங்களில்தான் நடக்கும், அதுவும் ஜிம்முக்கு வெளியே. ஆவடி நிலையத்தில் புறப்பட்டுவிட்ட மின்சார ரயிலின் கம்பியைத் தாவிப் பிடிப்பது. பேருந்து பிரேக் போடும்போது மேல்கம்பியில் தொங்குவது. சாய்கிற பைக்கை ஒரு கையால் தாங்குவது. காலியான கேனை எடுத்துவிட்டு இருபது லிட்டர் கேனைக் கவிழ்ப்பது. அழுகிற குழந்தையைச் சட்டென்று தூக்குவது. இதில் எதையும் நீங்கள் யோசித்துச் செய்வதில்லை, அனிச்சையாகக் கை போகும். அதனால் வெளியே போகும்போது பிரேஸ் அல்லது தூக்குக் கட்டு கட்டாயம் இருக்கட்டும். அது உங்களுக்கும் எதிரே வருகிறவர்களுக்கும் நினைவூட்டும். டீ கிளாஸைவிடக் கனமான எதுவும் அந்தக் கைக்கு வேண்டாம். பைக் ஓட்டுவதை மருத்துவர் அனுமதிக்கும்வரை மறந்துவிடுங்கள், மழைக்காலத்தில் இரட்டிப்பாக.

சித்திரை வெயிலில் பிரேஸுக்குள் வியர்த்து ஊறும். மருத்துவர் அனுமதித்த பிறகு நாளுக்கு இரண்டு முறை கழற்றி, தோலை உலரத் துடைத்து, உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துப் போடுங்கள். காயத்தில் சீழ், சூடு, காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். முழங்கை நீள மறுக்கிறது என்று யாரையாவது விட்டு அழுத்தி நீட்டச் சொல்வதும், எண்ணெய் தேய்த்து அழுத்தமாக உருவச் சொல்வதும் கூடாது.

பயிற்சி அடியோடு நிற்க வேண்டியதில்லை. நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தால் கட்டிலிருக்கும் கையும் வலிமையை முழுதாக இழந்துவிடாமல் ஓரளவு காக்கப்படுகிறது. நரம்பு மண்டலத்தின் வழியாக இந்தப் பலன் கிடைப்பது நன்கு அறியப்பட்ட உண்மை. பஸ்கி, லெக் பிரஸ், நடை எல்லாம் தையல் ஆறிய பிறகு தொடரலாம். ஏரிக்கரையில் ஓடுவதைவிட வேகநடை நல்லது, தடுக்கி விழுந்தால் ஊன்றப் போவது அந்தக் கைதான். சாப்பாட்டில் புரதம் குறையக் கூடாது. எழுபது கிலோ எடையுள்ளவர் நாளுக்கு நூறு கிராமுக்கு மேல் புரதம் எடுக்கப் பார்க்கலாம். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் என்று கணக்குப் போட்டால் மூன்று இட்லியும் சாம்பாரும் எவ்வளவு பின்தங்கும் என்று புரியும். மீன், கோழி, சுண்டல், தயிர், பனீர் என்று மூன்று வேளையிலும் பிரித்துச் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் டாக்டரைக் கேட்டுச் செய்யட்டும். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் புகையை விடுவதும் எந்தப் புரதப் பொடியைவிடவும் அதிகம் உதவும்.

சுத்தியல் மாதம்

ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம்வரை கை அன்றாட வேலைக்குத் திரும்புகிறது. சட்டைப் பொத்தான், சாப்பாடு, கணினி எல்லாம் வந்துவிடும். பிசியோ அனுமதித்ததும் அரைக் கிலோ, ஒரு கிலோ எடையில் தொடங்குவார். முதலில் கட்டைவிரல் மேலே பார்க்கும் பிடியில் மடக்குவது, பிறகு உள்ளங்கை மேலே பார்க்க. எடையை மேலே கொண்டுபோவதைவிடக் கீழே இறக்குவதில் கவனம் வையுங்கள். மூன்று நொடி எண்ணி இறக்குங்கள். தசைநாணைப் பழக்குவது இந்த மெதுவான இறக்கம்தான்.

திருப்பும் வலிமைக்கு வீட்டில் இருக்கும் சுத்தியலே போதும். முழங்கையை விலாவோடு ஒட்டி, மேசையின் ஓரத்தில் முன்கையை வைத்து, சுத்தியலை அதன் தலைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். உள்ளங்கை கீழே பார்ப்பதிலிருந்து மேலே பார்க்கும்வரை மெதுவாகத் திருப்பி, அதே மெதுவில் திரும்புங்கள். வலியில்லாமல் பத்துப் பதினைந்து முறை வந்தால் அடுத்த வாரம் பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்குங்கள். அதே சுத்தியல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கனமாகும். தினமும் தேவையில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள். கர்ல் எடை பழைய அளவுக்கு வந்தும் சுத்தியலின் நுனிப்பிடி வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் குணமாகவில்லை.

சனிக்கிழமை பயிற்சி செய்து ஞாயிறு காலை முழங்கை மடிப்பில் வலி கூடியிருந்தால் எடை அதிகம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும் லேசான இறுக்கம் பரவாயில்லை. அன்றன்றைக்கு எடை, முறை, மறுநாள் வலி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மனம் நல்ல நாட்களை மட்டுமே நினைவில் வைக்கும்.

மீண்டும் கம்பி

மூன்றாம் மாதம் முடியும்போது கண்ணாடியில் கை நன்றாகத் தெரியும். வலி இருக்காது. தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம், அது சீக்கிரம் தேறும்; தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது பின்னால்தான் வரும். ‘தூக்க முடிகிறதே’ என்று சொல்வது தசை. தசைநாணிடம் கேட்க வழியில்லாததால் நாட்காட்டியைத்தான் கேட்க வேண்டும்.

பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு பெஞ்ச் பிரஸ், தோள் பிரஸ் போன்ற தள்ளும் பயிற்சிகள் லேசான எடையில் முதலில் வரலாம். இழுக்கும் பயிற்சிகள் பின்னால். ரோவும் புல்டவுனும் கட்டைவிரல் மேலே பார்க்கும் பிடியில் தொடங்கட்டும். நான்காம் மாதம் காலியான இருபது கிலோ கம்பியோடு டெட்லிஃப்ட் வடிவத்தைப் பழகுங்கள். கை கயிறு போல நேராகத் தொங்க வேண்டும், முழங்கை கொஞ்சமும் மடங்கக் கூடாது. இரண்டு உள்ளங்கையும் உங்களைப் பார்க்கும் பிடி மட்டும்; பிடி போதவில்லை என்றால் ஸ்ட்ராப், அல்லது கட்டைவிரலை உள்ளே மடக்கும் ஹுக் பிடி. கலப்புப் பிடியை இந்தக் காயத்துக்குப் பிறகு நிரந்தரமாகக் கைவிடுங்கள் என்றே சொல்வேன். அந்தப் பிடி தருகிற கூடுதல் கிலோக்கள் இன்னோர் அறுவை சிகிச்சைக்கு ஈடாகாது, மற்றக் கையிலும் அதே தசைநாண்தான் இருக்கிறது. டயர் புரட்டுவதற்கும் இதே பதில்.

நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் கனமான எடைக்குத் திரும்புவது பொதுவான கணக்கு. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல், மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் குறைத்துப் போங்கள். முழு எடைக்கு முன் மூன்று விஷயங்கள் சரியாக இருக்கட்டும்: இரண்டு கைக்கும் ஒரே அளவு மடக்கமும் நீட்டமும், எடை இறக்கும்போது வலியின்மை, மடக்கும் வலிமையும் திருப்பும் வலிமையும் நல்ல கையின் தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையாமல். வலிமையைப் பிசியோவின் கருவியில் அளக்கலாம்.

ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் செய்கிற வீரர்களுக்குத் தனியாக ஒன்று. கிளீனில் இடுப்பு விரிவதற்கு முன்பே கையை மடக்கி இழுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மடங்கிய கையில் எடை உதைப்பது அங்கேதான். திரும்பி வரும் மாதங்கள் அந்தப் பழக்கத்தைத் திருத்த நல்ல வாய்ப்பு. இழுப்பு மட்டும் தனியாக, பிறகு தொடை உயரத்திலிருந்து, கடைசியில் தரையிலிருந்து. தவறிய கம்பியை விட்டுவிடுங்கள், பிடிக்கப் போகாதீர்கள்.

எடையைக் குறைப்பது மானக்கேடு என்று நினைப்பவர்கள் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தின் கணக்கைப் பார்க்கட்டும். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149, 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டுகோஸ்ட்டுக்குப் போகும்போது தொடையில் காயம். அங்கே அவர் தூக்கியது 144, 173, மொத்தம் 317. நான்கு ஆண்டுக்கு முந்தைய தன் எடையைவிடப் பதினொரு கிலோ குறைவு, ஆனாலும் தங்கம். இரண்டாவது வந்த இங்கிலாந்து வீரர் 312. தேவையான எடை கைக்கு வந்ததும் கடைசி முயற்சியை அவர் எடுக்கவே இல்லை. அன்றைய உடம்புக்கு எது போதும் என்று பார்த்து நிறுத்தத் தெரிந்தவர் உலக மேடையிலேயே நிறுத்துகிறார்.

காவலர் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகும் தம்பிகளுக்கு: புல்-அப்பும் கயிறு ஏறுவதும் உங்கள் பட்டியலில் கடைசி. முழுதாகக் கை நீண்டு உடல் எடை முழுவதும் தொங்கி, அங்கிருந்து சட்டென்று இழுப்பது தைத்த இடத்துக்கு மிகக் கடுமையான சோதனை. ஐந்தாம் மாதத்தில் கால் தரையில் ஊன்றியபடி கம்பியைப் பிடித்துச் சாய்ந்து இழுங்கள். பிறகு ரப்பர் பட்டையின் உதவியோடு, உள்ளங்கை வெளியே பார்க்கும் பிடியில். பிறகு ஸ்டூலில் ஏறி மேலிருந்து மெதுவாக இறங்குவது மட்டும். பத்துமுறை நிதானமாக இறங்க முடிந்த பிறகே கீழிருந்து இழுங்கள், அதற்கும் பிறகுதான் கயிறு. உடல்தகுதித் தேர்வு தேதி ஆறு மாதத்துக்குள் வருகிறது என்றால் மருத்துவச் சான்றுகளை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குத் தயாராகுங்கள். அதற்குள் ஓட்டத்தையும் நீளத் தாண்டலையும் எழுத்துத் தேர்வையும் மெருகேற்றலாம். ஓட்டத்தை எப்போது தொடங்குவது என்று உங்கள் பிசியோவிடம் கேட்டு, அந்தத் தேதியையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.